நான்கு நிறத்தில் ஒரு மச்சம்

தோல் நோய்ப் பிரிவில் எல்லோருக்கும் அவர் போட்டோக்கா. அவரைவிட இருபது வயது மூத்த நோயாளிகளுக்கும் போட்டோக்காதான். பதினேழு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் மனிதர்களின் தோலைப் படம் எடுப்பது அவர் வேலை. முழங்கையில் படர்ந்த சொறி, முதுகில் பூத்த தேமல், காது மடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மச்சம். நோயாளியை வழியில் பார்த்தால் பெயர் ஞாபகம் வராது, முகமும் பாதிதான் வரும். சட்டைக்கு வெளியே மணிக்கட்டு தெரிந்துவிட்டால் போதும், "உங்களுக்கு இடது தோள்ல இன்னொண்ணு இருக்குமே, அது எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுவார்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் இருந்தார். பெண்ணின் கன்னத்துப் பருவை அழிப்பதும் மாப்பிள்ளையின் நெற்றித் தழும்பை மறைப்பதும்தான் அங்கே பெரும்பாலும் வேலை. ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் வாரம், கைப்பழக்கத்தில் ஒரு நோயாளியின் தேமலைக் கணினியில் சுத்தமாகத் துடைத்துவிட்டார். பிரிவின் தலைவரான டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாக் குணமாக்கியிருக்கீங்க. அப்போ நான் வீட்டுக்குக் கிளம்பட்டுமா?" என்றார். அன்றிலிருந்து போட்டோக்கா ஒரு புள்ளியைக்கூடத் தொட்டதில்லை.

அவருடைய அறை இரண்டாவது மாடியில், நடையின் கடைசியில் இருந்தது. முன்பு பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, வெளி வெளிச்சம் ஒரு இழைகூட உள்ளே வராதபடி செய்திருந்தார். இரண்டு விளக்குகள், ஒரு சுழல் நாற்காலி, நோயாளி நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதம் வரைந்த பலகை, மேசை இழுப்பறையில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒட்டுத்தாள்கள். ஒவ்வொரு படத்திலும் புண்ணுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தாளை ஒட்டிவிட்டுத்தான் எடுப்பார். மூன்று மாதம் கழித்து அதே ஆள், அதே பலகை, அதே வெளிச்சம், அதே தூரம். டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நடுவில் மாறியிருப்பது தோல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வேறு எது மாறினாலும் வேலை கெட்டது.

அவருடைய ஜென்ம விரோதி தூசி. பழைய கேமராவில் லென்ஸைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே படத்தைப் பதியும் சென்சாரில் தூசி போய் உட்காரும். பூ படத்தில் ஒரு தூசி விழுந்தால் யாருக்கும் தெரியாது. தோல் படத்தில் விழுந்தால் அது மச்சம். ஒரு தடவை ஒரே நாளில் ஐந்து பேருக்கு ஒரே இடத்தில் புது மச்சம் முளைத்து, பிரிவே பதறிப் போனது.

அதனால்தான் பழைய கேமரா உயிரை விட்டு, ஆஸ்பத்திரி புதிய கேமராவை வாங்கிக் கொடுத்தபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அது துண்டு துண்டாகப் பிரித்து மாட்டும் வகை. கம்பெனி ஆள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். திரையும் பட்டன்களும் உள்ள ஒரு பாடி. அதன் நெஞ்சில் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் சறுக்கிப் பொருத்த மூன்று யூனிட்டுகள்: மிக அருகில் எடுக்க ஒன்று, நடுத்தரம் ஒன்று, முழு முதுகும் அடங்க ஒன்று. ஒவ்வொரு யூனிட்டிலும் லென்ஸும் சென்சாரும் சேர்த்தே மூடி அடைக்கப்பட்டிருந்தன.

"தூசி உள்ளே போக வழியே இல்லைங்க. ஒரு பாகம் பழுதானா அதை மட்டும் மாத்திக்கலாம். நாளைக்கு நல்லதா ஒரு யூனிட் வந்தா அதை மட்டும் வாங்கிப் போட்டுக்கலாம். கேமரா பழசாகவே ஆகாது" என்றார் கம்பெனி ஆள்.

போட்டோக்கா அன்றே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார். பாடி உடம்பு, யூனிட் தலை. ஓர் உடம்பு, மூன்று தலை. கொஞ்ச நாள் கழித்து, பலகையில் நின்ற ஒரு பெரியவர், "இவருக்குச் சின்னத் தலை சரிவராது, கழற்றிட்டுப் பெரிய தலையை மாட்டணும்" என்று போட்டோக்கா முணுமுணுத்ததைக் கேட்டுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்.

வீட்டில் அவர் கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். வீட்டு முன்னறைதான் பட்டறை. இந்தக் கேமராவைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு ஒரே குஷி.

"இதுதான் முறை. மொத்தமா வார்த்து எடுத்த சாமான்ல ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு. தனித்தனியா இருந்தா கழற்று, மாத்து, மாட்டு. அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது பலித்தது. எட்டாவது மாதம் துடைக்க வந்த அம்மாவின் துடைப்பத்தில் வயர் சிக்கி, கேமரா மேசையிலிருந்து விழுந்தது. உடம்பின் திரை நொறுங்கியது. தலைகளுக்கு ஒன்றுமில்லை. கண் பிரிவிலும் இதே கேமரா ஒன்று இருந்தது. போட்டோக்கா கீழே போய் அவர்களுடைய மாற்று உடம்பை வாங்கிவந்து தன் தலையை மாட்டினார். அன்று வெளியே காத்திருந்த பதினான்கு பேரில் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இந்தக் கேமராவைப்போல வராது என்று அன்றைக்குப் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். தன் உடம்பு பழுதுபார்த்துத் திரும்பி வந்த பிறகும், கண் பிரிவு உடம்பைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

கெட்டதும் அதே வழியில்தான் வந்தது. அருகில் எடுக்கும் தலை ஒருநாள் குவியம் பிடிக்காமல் திணறியது. பழுது பார்க்க அனுப்பினார். ஒரு மாதம் கழித்து, அந்த மாதிரி இப்போது வருவதில்லை, இது மேம்பட்டது என்ற குறிப்புடன் வேறொரு தலை வந்தது. பார்க்க அச்சு அசல் பழையதுபோலவே இருந்தது. மாட்டினார், பொருந்தியது. நிறம் சரியா என்று பார்க்க வைத்திருந்த சாம்பல் அட்டையைப் படம் எடுத்துப் பார்த்தார், சாம்பல் சாம்பலாகவே இருந்தது. சரி என்று வேலையைத் தொடர்ந்தார்.

அதற்கு ஆறு வாரம் கழித்துப் பஸ் டிரைவர் வந்தார். நாற்பத்தெட்டு வயது. வலது தோளுக்குப் பின்னால் ஒரு பழுப்புத் திட்டு. இரண்டு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர். பலகையில் நிற்கும்போதும் ஸ்டியரிங் பிடிப்பதுபோலக் கையை முன்னால் வைத்துக்கொள்வார். போட்டோக்கா இறக்கிவிடச் சொல்வார். அடுத்த நிமிடம் கை தானாக மேலே போகும்.

டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தில் டீத்தூள் நிறம். புதிய படத்தில் சிவப்பு ஏறி, கருஞ்சிவப்பாக இருந்தது.

"நிறம் மாறியிருக்கு. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை" என்றார்.

டிரைவர் தலையாட்டிவிட்டுப் போனார். போட்டோக்காவுக்கு ஏதோ ஒன்று நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த வாரம் எடுத்த படங்களை எல்லாம் திறந்தார். பதினோரு பேர் பழையவர்கள். ஒவ்வொருவருடைய பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏழு பேருக்குச் சிவப்பு கூடியிருந்தது.

ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் நோய் முற்றுமா? முற்றாது. அப்படியானால் குற்றவாளி புதுத் தலைதான். நிம்மதியாக மூச்சு விடப் போனவர் பாதியில் நின்றார். மீதி நாலு பேர்? அவர்களையும் அதே தலையால்தான் எடுத்தார். அவர்களுக்கு ஏன் சிவக்கவில்லை?

அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார்.

"ஏங்க, ஒரு மோட்டார்ல சத்தம் வருது, எந்தப் பாகம்னு தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பார்ப்பேன். சத்தம் நின்னா அதுதான் கெட்டது. ரெண்டைச் சேர்த்து மாத்துனா குழப்பம்தான் மிஞ்சும்."

"எல்லாத்தையும் மாத்திப் பார்த்தும் சத்தம் நிக்கலைன்னா?"

"அப்போ சத்தம் என் காதுல" என்றார் அவர்.

அந்தப் பதில் போட்டோக்கா எதிர்பார்க்காத இடத்தில் போய்த் தைத்தது. தன் கண்ணே கெட்டுப்போய்விட்டதோ? நாற்பத்தாறு வயதில் கண்ணுக்கு எது வேண்டுமானாலும் வரலாம். மறுநாள் காலை முதல் வேலையாகக் கண் பிரிவுக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். கண்ணில் கோளாறு ஏதும் இல்லை. திரும்பி வரும்போது அவர்களிடமிருந்த பழைய மாதிரி அருகுத் தலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

மாதிரிக்குத் தோல் வேண்டும். அவருக்கு இடது முன்கையில் பிறவியிலேயே ஒரு மச்சம் உண்டு, புளியங்கொட்டை அளவு. கையைப் பலகை மேல் நீட்டி, ஒட்டுத்தாளை ஒட்டி, தன் உடம்பில் புதுத் தலையை மாட்டி ஒரு படம். தன் உடம்பில் பழைய தலை. கண் பிரிவு உடம்பில் புதுத் தலை. கண் பிரிவு உடம்பில் பழைய தலை. நான்கையும் திரையில் வரிசையாக வைத்தார்.

மச்சம் நான்கு நிறத்தில் இருந்தது.

ஒன்று பழுப்பு, ஒன்று சிவப்பு கலந்த பழுப்பு, ஒன்று கருப்பு சாய்ந்தது, ஒன்று ஏறக்குறைய ஊதா. நான்கிலும் சாம்பல் அட்டை சாம்பலாகவே இருந்தது. கையைத் திருப்பித் தன் மச்சத்தை நேரில் பார்த்தார். நாற்பத்தாறு வருடமாகக் கூடவே இருக்கிற மச்சம். திரையில் இருக்கும் நான்கில் எது அது என்று அவரால் சொல்ல முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நடைக்குப் போய் வெயிலில் பார்த்தார். அங்கே அது ஐந்தாவதாக ஒரு நிறத்தில் இருந்தது.

கம்பெனி ஆளுக்குப் போன் செய்தார்.

"தலையா உடம்பா, எது தப்புன்னு சொல்லுங்க."

"ரெண்டுமே சரிதாங்க. தனித்தனியா சோதிச்சுத்தான் அனுப்புறோம்" என்றார் அவர். "சென்சார் பார்க்கிற நிறத்தைப் பாடியில இருக்கிற மென்பொருள்தான் படமா மாத்துது. புது யூனிட்டுக்குப் பாடியிலயும் புது மென்பொருள் ஏத்தியிருக்கணும். உங்க பாடியில எது இருக்கு?"

"எந்தப் பாடியில?"

"எத்தனை இருக்கு?"

அப்போதுதான் போட்டோக்காவுக்கு விஷயம் புரிந்தது. பழுதுபார்த்து வந்த தன் உடம்பு ஒன்று, கண் பிரிவு உடம்பு ஒன்று. நான்கு மாதமாக எது கைக்குக் கிடைத்ததோ அதை மாட்டி எடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே அச்சு. ஏழு பேர் ஓர் உடம்பில், நாலு பேர் இன்னோர் உடம்பில். எந்தப் படம் எதில் என்று குறித்து வைக்கவே இல்லை. பழைய கேமராவில் அப்படிக் குறிக்க அவசியமே இருந்ததில்லை. கேமரா என்றால் ஒரே கேமராதான்.

டாக்டரம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். நடையில் இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை உள்ளேயிருந்து டாக்டரம்மாவே, "என்ன, நடைப்பயிற்சியா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னார். தன் மச்சத்தின் நான்கு படத்தையும் காட்டினார். டாக்டரம்மா நான்கையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அப்போ இந்த நாலு மாசமா நான் எதைப் பார்த்து முடிவு பண்ணியிருக்கேன்?"

"அதுதான் எனக்கும் தெரியலை டாக்டர்."

ஏழு பேரில் மூன்று பேருக்கு வெட்டி எடுக்க நாள் குறித்திருந்தார்கள். டிரைவர் அதில் ஒருவர். மூன்றையும் நிறுத்தி வைத்து, அவர்களை மறுபடியும் படத்துக்கு வரச் சொன்னார்கள். அச்சகங்களில் நிறம் சரிபார்க்க வைத்திருக்கும் பல வண்ணக் கட்டங்கள் போட்ட அட்டை ஒன்றை டாக்டரம்மாவே யாரிடமோ பேசி வாங்கிக் கொடுத்தார். இனி ஒவ்வொருவர் பக்கத்திலும் அதை வைத்துத்தான் படம். அட்டையில் இருக்கும் சிவப்பு திரையிலும் அதே சிவப்பாக வந்தால்தான் படம் செல்லும்.

டிரைவர் குழம்பிப் போய் வந்தார்.

"செவ்வாய்க்கிழமை வெட்டணும்னீங்க. லீவு போட்டேன். திங்கள்கிழமை வேண்டாம்னீங்க. லீவை ரத்து பண்ணேன். இப்போ எனக்கு இருக்கா இல்லையா?"

"என்ன இருக்கான்னு பார்க்கத்தான் கூப்பிட்டோம். கையை இறக்குங்க" என்றார் போட்டோக்கா.

வண்ண அட்டையோடு எடுத்த படத்தில் திட்டு டீத்தூள் நிறத்திலேயே இருந்தது. நிறம் மாறவில்லை. டாக்டரம்மா பார்த்தார், சிரித்தார், டிரைவரின் தோளைத் தட்டினார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே. கத்தி தேவையில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று போட்டோக்கா படங்களைக் கோப்பில் ஏற்ற உட்கார்ந்தார். டிரைவரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒருமுறை பார்த்தார். நிறம் ஒன்றுதான். அளவும் ஒன்றுதான். அளவு ஒன்றா? திட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளின் கோடுகள் புதிய படத்தில் நெருக்கமாக இருப்பதுபோல் தெரிந்தது. எண்ணினார். பழைய படத்தில் திட்டின் அகலம் ஒன்பது கோடு. புதிய படத்தில் பதினொன்று.

மேம்பட்ட தலை பழைய தலையைவிடக் கொஞ்சம் அகலமாகப் பார்க்கிறது. அதனால் திரையில் எல்லாமே சற்றுச் சிறுத்துத் தெரிகிறது. இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்த திட்டு, வளராததுபோல அதே அளவில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கோட்டை யாரும் எண்ணவில்லை. அவரும்தான். பதினேழு வருடமாகத் தாளை ஒட்டுகிறவர் அவர்.

இந்தத் தடவை கதவுக்கு வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே போனார்.

"டாக்டர், டிரைவரை விடக் கூடாது. வெட்டணும்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம்னு நிறுத்தினதும் நீங்கதான். இப்போ வெட்டணும்னு சொல்றதும் நீங்கதானா?"

"ஆமாம். அன்னைக்கு நிறத்தைப் பார்த்தோம், அது பொய். இது அளவு." கையிலிருந்த இரண்டு படத்தையும் மேசையில் வைத்து, விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார். டாக்டரம்மா தானும் ஒருமுறை எண்ணினார். பிறகு சொந்தமாக ஒரு ஸ்கேலை எடுத்துவைத்து இன்னொருமுறை.

"டிரைவருக்குப் போன் போடுங்க" என்றார்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் பேச முடியாததால் டெப்போவில் சொல்லிவைத்தார்கள். அவர் மாலையில் கூப்பிட்டபோது போட்டோக்காதான் எடுத்தார்.

"மறுபடியும் லீவு போடணுமா?" என்று கேட்டார் டிரைவர். குரலில் கோபமில்லை, களைப்புதான்.

"போடுங்க. இனிமே மாத்த மாட்டோம்."

"நீங்க சொல்லுங்க போட்டோக்கா. எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க சொன்னா வர்றேன்."

அவருக்கும் பாதிதான் புரிந்திருந்தது. இருந்தாலும் "வாங்க" என்றார்.

வெட்டி எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. இன்னும் கெட்டதாக மாறவில்லை, மாறத் தொடங்கும் அறிகுறி இருந்தது, சரியான நேரத்தில் எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். டிரைவர் தையல் பிரிக்க வந்தபோது, தோளைப் பிடித்துக்கொண்டு போட்டோக்காவின் அறை வாசலில் நின்று, "உங்க கேமராவுக்கு நான் நன்றி சொல்லணுமா, திட்டணுமா?" என்று கேட்டார்.

அதையேதான் அவரும் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். தலை மாறாமல் இருந்தால் நிறம் பொய் சொல்லியிருக்காது. நிறம் பொய் சொல்லாவிட்டால் டிரைவரை மறுபடி வரவழைத்திருக்க மாட்டார்கள், கோட்டையும் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அதே தலை மாறாமல் இருந்திருந்தால், திட்டு வளர்ந்தது திரையிலேயே பளிச்சென்று தெரிந்திருக்கும், எண்ணவே வேண்டியிருந்திருக்காது. எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு இறுகியது.

"தெரியலைங்க. எனக்குப் பதிலா நீங்களே ஏதாவது ஒண்ணைப் பண்ணிடுங்க" என்றார்.

டிரைவர் கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மற்றவர்களின் படங்களிலும் கோடுகளை எண்ணிப் பார்த்தார்கள், வேறு யாருக்கும் வளர்ந்திருக்கவில்லை. வேலையில் சில மாற்றங்கள் வந்தன. பழுதுபார்த்து வந்த உடம்பில் புது மென்பொருளை ஏற்றி, கண் பிரிவு உடம்பைத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு தலைக்கும் உடம்புக்கும் எண் எழுதி ஒட்டினார். எந்தத் தலை, எந்த உடம்பு, எந்தத் தேதி என்று படத்தின் பெயரிலேயே சேர்த்தார். கணவர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், அருகுத் தலை உடம்போடு சேர்த்து நாடாவால் சுற்றப்பட்டிருப்பதைப் பார்த்தார்.

"கழற்றி மாட்டுறதுக்குன்னு செஞ்சதை இப்படி ஒட்டி வச்சிருக்கியே."

"கழற்றலாம்தான். கழற்றிட்டா அது வேற கேமரா ஆயிடுது."

"மோட்டார்ல அப்படி இல்லை" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

சில மாதம் கழித்துக் குழந்தைகள் பிரிவுக்கும் ஒரு கேமரா வாங்குவதென்று முடிவாயிற்று. கொள்முதல் அதிகாரி கருத்துக் கேட்க மாடி ஏறி வந்தார். பிரித்து மாட்டும் வகையா, ஒரே கட்டாக இருப்பதா என்பதுதான் கேள்வி. போட்டோக்கா அவரை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். தூசி வராது. விழுந்தால் பாதிதான் போகும். குழந்தைக்கு ஏற்ற மாதிரி தலையை மாற்றலாம். பட்டன் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் கை குழம்பாது. ஆனால் நிறம் மாறும். அகலம் மாறும். கம்பெனி மாதிரியை மாற்றினால் நாமும் மாற வேண்டும். அந்தக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டால் தலைகளை வேறு எந்த உடம்பிலும் மாட்ட முடியாது. ஆனால் தூசி வராது.

"தூசி முதல்லயே சொல்லிட்டீங்க" என்றார் அதிகாரி.

"அது பெரிய விஷயம் சார். உங்களுக்குத் தெரியாது."

முக்கால் மணி நேரம் கழித்து அதிகாரி பேனாவை மூடினார். அவர் தாளில் இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தது, பாதி அடித்திருந்தது.

"கடைசியா ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா. வாங்கலாமா, வேண்டாமா?"

போட்டோக்கா அவர் அடித்து வைத்திருந்த தாளை ஒருமுறை பார்த்தார்.

"யார் எடுக்கப் போறாங்களோ அவங்களை ரெண்டு நாள் இங்க அனுப்புங்க சார். நான் குழப்பி விடுறேன். அதுக்கப்புறமும் வேணும்னு சொன்னாங்கன்னா, வாங்கிக் கொடுங்க."